துருவும் ஒரு சாட்சி

நான் வாழும் ஊரின் பெயர் தேற்றாத்தீவு. மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, கிழக்கே வங்கக் கடலும் மேற்கே வாவியும் அணைசெய்ய அமைந்த மணற்பாங்கான ஊர் அது. தேற்றா என்னும் மரத்தின் பெயரையே ஊர் தாங்கி நிற்கிறது. அம்மரத்தின் கொட்டையை நம் மூதாதையர் எதற்குப் பயன்படுத்தினர் என்பதை முதியோர் அறிவர். மாரிகாலத்திற் கலங்கிய நீரைக் குடத்தில் எடுத்துவந்தால், அக்குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிடுவர். சிறிது பொழுதில் மண் அடியிற் படியும்; நீர் தெளியும். நீரைத் தெளிவிப்பதற்கு அக்கொட்டை நீரோடு எதையும் வாதாடுவதில்லை. உள்ளதை உள்ளபடி பிரித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

வரலாற்றாசிரியனது தொழிலும் இத்தகையதே. கலங்கிய செய்தியிலிருந்து மெய்யையும் பொய்யையும் பிரித்து வைப்பது அவன் கடமை. ஒரு பழைய வாள் கையிற் கிடைத்தால், அது உண்மையிலேயே பழையதா, யார் செய்தது, யார் கையில் இருந்தது, எவ்வாறு இங்கு வந்தது என்பவற்றை எப்படி அறிவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். வாளைப்பற்றி ஒரு பள்ளிக்கூட அதிபர் பேசுவானேன் என்று நீங்கள் வியக்கலாம். அதற்குக் காரணம் ஒரு பழைய பிழை. அது என்னுடைய பிழை. அதனை முதலிற் கூறிவிடுகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாக ஒரு கிராமப் பாடசாலையிற் கடமையாற்றியபோது, பழம்பொருட் கண்காட்சி ஒன்றை ஒழுங்கு செய்தோம். மாணவர் தத்தம் வீடுகளிலிருந்து பாக்குவெட்டி, படிக்கம், ஏட்டுச்சுவடி, எழுத்தாணி, மரைக்கால் முதலியவற்றைக் கொணர்ந்தனர். ஒரு மாணவன் தன் பாட்டனாரின் வாள் ஒன்றைச் சாக்கிற் சுற்றிக் கொண்டுவந்தான். இரண்டு முழத்திற்குக் குறைந்த நீளம். சற்றே வளைந்த அலகு. ஒருபுறம் மட்டும் கூர். பிடியின் தலைப்பிலே ஏதோ ஒரு விலங்கின் முகம். அலகு முழுவதும் கருமை கலந்த துரு ஏறிக் கிடந்தது. பிடிக்கு அருகே துருவின் கீழ் எழுத்துப்போன்ற சில கோடுகள் மங்கலாய்த் தெரிந்தன.

கண்காட்சிக்கு வருவோர் இப்படியொரு துருப்பிடித்த இரும்பைக் கண்டு என்ன மகிழப்போகின்றனர் என்று நான் எண்ணினேன். நல்லெண்ணத்தோடுதான் எண்ணினேன். அவ்வூர்க் கொல்லரிடம் அதனை அனுப்பிச் சாணை பிடிப்பித்தேன். வாள் கண்ணாடிபோல் மின்னியது. கண்காட்சியன்று அதனைச் சுற்றியே கூட்டம். மாலையில் மாணவனின் பாட்டனார் வந்தார். நெடுநேரம் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபிக்கவில்லை. மெதுவாக ஒன்று மட்டும் சொன்னார்: “எழுத்து இருந்த இடத்தில இப்ப உங்கட முகம்தான் தெரியுது, வாத்தியார்.”

தம் முன்னோர் ஒருவர் உத்தியோகம் பார்த்த காலத்திற் பெற்ற வாள் அது என்றும், அவ்வெழுத்து ஒல்லாந்தர் எழுத்து என்று தம் தந்தையார் சொல்லக் கேட்டதாகவும் அவர் கூறினார். அது மெய்யோ அன்றோ என்று இனி எவரும் காட்ட இயலாது. காட்டக்கூடிய ஒரே சாட்சியை நானே சாணைக்கல்லில் அழித்துவிட்டேன். அன்றுமுதல், பழைய வாள்களின் மெய்ம்மையை அறிவது எவ்வாறு என்று கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படிக்கலானேன். அத்தேடல் என்னை முதலில் யப்பானுக்கு இட்டுச் சென்றது. வாளை ஆராய்ந்து மதிப்பிடுதலை ஒரு சாத்திரமாகவே வளர்த்த நாடு அதுவாகும்.

யப்பானியரின் வளைந்த வாள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. ஆற்றுமணலிலும் மலைமணலிலும் உள்ள இரும்புத் துகளை மரக்கரியோடு சேர்த்துக் களிமண் உலையில் உருக்கி உருக்கிரும்பை எடுப்பர். அதனை அடித்து, மடித்து, மீண்டும் அடித்து அலகாக்குவர். பின்னர் அலகின்மேற் களிமண் பூசுவர். முதுகுப்புறத்திற் கனமாகவும் வாய்ப்புறத்தில் மெலிதாகவும் பூசுவர். செந்தணலிற் காய்ச்சி நீரில் அமிழ்த்தும்போது மெலிந்த மண் பூசிய வாய் விரைவிற் குளிர்ந்து கடினமாகும். முதுகு மெல்லக் குளிர்ந்து வளையும் இயல்பைப் பெறும். இரண்டும் கூடும் எல்லையிலே, அலைபோலவும் முகில்போலவும் ஒரு வெண்ணிறக் கோடு தோன்றும். மடித்தடித்த உருக்கிலே மரத்தின் வைரம்போன்ற இழையோட்டம் காணப்படும். ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வோர் அலைவரி, ஒவ்வோர் இழையோட்டம். கைரேகை மனிதனைக் காட்டுவதுபோல இவை வாள் செய்தவனைக் காட்டும்.

எனினும், மதிப்பிடுவோர் மிகுந்த கவனத்தோடு நோக்குவது மின்னும் அலகை மட்டுமன்று. பிடிக்குள் மறைந்து கிடக்கும் அடித்தண்டையும் அவர் நோக்குவர். பிடியை அலகோடு பிணைக்கும் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றினால் அத்தண்டு வெளிப்படும். செய்தவன் தன் பெயரையும், சிலவேளை ஊரையும் ஆண்டையும் அங்கேதான் வெட்டுவான். அரத்தால் இராவிய கோடுகளும் அங்கே இருக்கும். அக்கோடுகள் சாயும் திசையும் பட்டறைக்குப் பட்டறை வேறுபடும். இவற்றிற்கெல்லாம் மேலாக, அங்கே துரு இருக்கும். நூற்றாண்டுகளாக மெல்ல மெல்லப் படர்ந்து கருமையும் ஆழமும் பெற்ற துரு. அலகைத் தீட்டும் வல்லுநர் பல வகைக் கற்களைக்கொண்டு வாரக்கணக்கில் உழைப்பர். ஆனால் அடித்தண்டைத் தொடமாட்டார். அத்துருவை எவனாவது சுரண்டிவிட்டால், அந்த வாளின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்தவனாகவே அவனைக் கருதுவர். போலி செய்வோரும் இதனை அறிவர். புதிய அடித்தண்டைக் காய்ச்சியும் அமிலமிட்டும் விரைவில் துருப்பிடிக்க வைப்பர். ஆயினும் நூறாண்டு ஏறிய துருவின் நிறத்தை ஒரு திங்களில் ஏற்றுதல் அரிது. பழகிய கண் அதனைக் கண்டுகொள்ளும்.

பெயர் வெட்டியிருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. புகழ்பெற்ற கொல்லர் பெயரை வேறெவரும் வெட்டலாம். அத்தகைய பொய்ப்பெயர் பொறித்த வாள்கள் அந்நாட்டில் ஏராளம். மறுபுறத்தில், பெயரே இல்லாத வாள் மெய்யானதாகவும் இருக்கலாம். பழைய நெடுவாள்களைப் பிற்காலத்தார் தம் வசதிக்கேற்பக் குறுக்கியபோது அடிப்புறத்திலேயே வெட்டிக் குறுக்கினர். அதனோடு செய்தவன் பெயரும் போயிற்று. பின்வந்த மதிப்பீட்டாளர் அலைவரியையும் இழையையும் கண்டு, இது இன்னான் செய்தது என்று துணிந்து, அப்பெயரைப் பொன்னாற் பதித்து வைத்ததும் உண்டு. எனவே பெயருள்ளது பொய்யாகலாம், பெயரற்றது மெய்யாகலாம். ஒரு சான்றை மட்டும் நம்புவோன் ஏமாறுவான். எல்லாச் சான்றுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று நோக்குவோனே தெளிவடைவான்.

இக்கலையிற் பெயர் பெற்ற குடும்பம் ஹொனாமி என்பது. வாளைத் துடைத்துப் பேணுதல், தீட்டுதல், மதிப்பிடுதல் என்னும் மூன்றையும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தனர். நாட்டை ஆண்ட சோகன் யொசிமுனேயின் கட்டளைப்படி 1719 இல் நாட்டிலுள்ள புகழ்மிக்க வாள்களின் அட்டவணை ஒன்றை அவர்கள் தொகுத்தளித்தனர். ஒரு வாளைத் தேர்ந்து மெய்யென்று கண்டால் மடித்த தாளொன்றிற் சான்று எழுதிக் கொடுப்பர். அந்த மடித்தாளுக்கு ஒரிகாமி என்று பெயர். இன்றும் யப்பானிய மொழியில், ஐயத்திற்கு இடமற்ற தரமுடையது என்பதற்கு, ‘ஒரிகாமி உடையது’ என்றே சொல்வார்கள்.

இவ்வளவு போற்றப்பட்ட வாள்கள் இடர்ப்பட்ட காலங்களும் உண்டு. 1588 இல் ஹிதேயொசி என்னும் ஆட்சியாளன் குடியானவரின் வாள்களையெல்லாம் பறிமுதல் செய்தான். பெரும் புத்தர் ஆலயத்துக்கு ஆணியடிக்க இரும்பு வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். 1876 இல் வாள் தரித்துப் பொதுவிடத்தில் நடமாடுவதே தடைசெய்யப்பட்டது. ஆனால் பேரிழப்பு வந்தது இரண்டாம் உலகப் போரின் முடிவிலேயாகும்.

அந்தப் போர் நமக்கும் புதியதன்று. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள், மட்டக்களப்புக்கு அண்மையான கடலிலே, பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹேர்மிஸ்’ யப்பானிய விமானங்களின் குண்டுகளால் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கப்பல் இன்றும் நம் கடலின் அடியிற் கிடக்கிறது. 1944 இல் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் கண்டிக்கு வந்தது. அதன் தலைவரான மவுண்ட்பேட்டன் பிரபு, சரணடையும் யப்பானிய அதிகாரிகள் ஒவ்வொருவரும் தம் வாளைக் கையளித்தே ஆகவேண்டும் என்பதில் உறுதியாய் இருந்தார். 1945 நவம்பர் 30 ஆம் நாள் சைகோன் நகரில் பெருந்தளபதி தெராவுச்சி தம் இரு வாள்களையும் அவரிடம் ஒப்படைத்தார்.

இவ்வாறு கையளிக்கப்பட்ட வாள்கள் ஆயிரக்கணக்கில் உலகெங்கும் பரவின. வெளித்தோற்றத்தில் யாவும் ஒன்றுபோலவே படைத்துறை உறையும் பிடியும் உடையன. அவற்றுட் பெரும்பாலானவை தொழிற்சாலையில் விரைந்து செய்யப்பட்டவை. ஆனால் சில அதிகாரிகள் தம் குடும்பத்தின் பழைய அலகையே படைத்துறைப் பிடியில் ஏற்றிக் கொண்டு சென்றிருந்தனர். பத்து வாள்கள் ஓரிடத்திற் கிடந்தால், பிடியைக் கழற்றும்வரை, எது ஈராண்டுப் பழமை, எது முந்நூறாண்டுப் பழமை என்று எவரும் அறியார். வாள் திரட்டுவோர் இன்றுவரை எதிர்நோக்கும் முதற்கேள்வி இதுவே.

யப்பானுக்குள்ளேயோ நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. ஆயுதங்கள் யாவும் ஒப்படைக்கப்படவேண்டும் என்று நேசப்படைகள் கட்டளையிட்டன. எண்ணற்ற வாள்கள் உருக்கப்பட்டன, கடலில் எறியப்பட்டன. மசமுனே என்னும் பெருங்கொல்லர் செய்ததாகக் கொள்ளப்படும் ஹொன்ஜோ மசமுனே என்ற வாள், தொக்குகாவா வமிசத்தாரிடம் வழிவழியாக இருந்தது. 1939 இல் தேசியச் செல்வம் என்று அறிவிக்கப்பட்டது. 1945 டிசெம்பரில் அவ்வமிசத்தார் கட்டளைக்குப் பணிந்து அதனைத் தோக்கியோவிலுள்ள மெஜிரோ பொலிசு நிலையத்தில் ஒப்படைத்தனர். அடுத்த மாதம் யாரோ ஒரு படையினர் அதனைப் பெற்றுச் சென்றார். அதன்பின் அந்த வாளைக் கண்டவர் இல்லை. யாருடைய வீட்டிலோ துருப்பிடித்துக் கிடக்கலாம். உலையில் உருகியும் இருக்கலாம். வாங்கியவரின் பெயரைத் தெளிவாய்க் குறித்த ஒரு தாள் இருந்திருக்குமானால் இந்நிலை நேர்ந்திராது. எஞ்சியவற்றைக் காக்கவேண்டும் என்னும் கவலையினாலேயே 1948 இல் யப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. முன்பு ஹொனாமி குடும்பத்தார் செய்த பணியை, வாளைத் தேர்ந்து சான்றளிக்கும் பணியை, இன்று அச்சங்கம் செய்துவருகிறது.

நேயர்களே, யப்பானியரின் கதையை இவ்வளவு விரித்தது அயல்நாட்டுப் பெருமை பேசுவதற்கன்று. நமது நாட்டிற்கும் ஒரு வாள் உண்டு. அதற்குக் கஸ்தானே என்று பெயர். குறுகிய, சற்றே வளைந்த, ஒருபுறம் கூருடைய வாள் அது. பிடியின் தலைப்பிலே வாய் பிளந்த சிங்கமுகம் இருக்கும். கையைக் காக்கும் வளைவின் நுனியிலும் குறுக்குக் காப்பின் நுனிகளிலும் சிறிய யாளிமுகங்கள் எட்டிப் பார்க்கும். அரசரும் பிரதானிகளும் பதவியின் அடையாளமாக இதனை அணிந்தனர். பிற்காலத்தில் முதலியார்களும் விழாக்களில் இத்தகைய வாளைத் தரித்தனர். நான் சாணை பிடிப்பித்த வாளின் பிடியிலே கண்ட விலங்குமுகம் எது என்பதை, பல ஆண்டுகள் கழித்துக் கொழும்பு நூதனசாலையின் கண்ணாடிப் பெட்டி முன்னே நின்றபோதுதான் அறிந்தேன். அறிந்தபோது என் கால்கள் சிறிது நேரம் நகர மறுத்தன.

இக்கஸ்தானே வாள்களை ஆராய்வோர் ஒரு விந்தையைக் காண்கின்றனர். பிடியோ முற்றிலும் இந்நாட்டுச் சிற்பியின் கைவேலை. ஆனால் அலகு பல வேளைகளில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. சில அலகுகளில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்றெழுத்து இலச்சினை பொறிக்கப்பட்டிருக்கும். அப்படியானால் அந்த வாள் நம்முடையதா, அவர்களுடையதா? விவரமறியா வணிகன் அதனைக் கலப்பு என்று இகழ்வான். வரலாறு அறிந்தவன் அந்தக் கலப்பையே அதன் மெய்ம்மைக்குச் சான்றாகக் கொள்வான். கடல் வாணிகமும் கண்டி அரசும் ஒன்றையொன்று தொட்ட காலத்தில் அத்தகைய வாள்தானே பிறந்திருக்கக்கூடும்! 1602 இல் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஸ்பில்பேர்கன் இந்நாட்டு மன்னனைக் காண வந்தபோது இறங்கிய கரை மட்டக்களப்புக் கரையே. அங்கிருந்தே அவன் கண்டிக்குச் சென்றான். 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஒல்லாந்த அலகு இந்நாட்டுப் பிடியிற் சேர்ந்த கதையில் நமது வாவிக்கரைக்கும் பங்குண்டு என்று கருதுவது மிகையாகாது.

இன்னும் ஒரு விந்தை கேளுங்கள். காலம் உறுதியாய் அறியப்பட்ட கஸ்தானே வாள்களுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று எங்கே இருக்கிறது? யப்பானிலே, செந்தாய் நகரத்து நூதனசாலையிலே! அந்நாட்டுச் சிற்றரசனான தாத்தே மசமுனே, ஹசெக்குரா என்னும் தூதரை 1613 இல் ஐரோப்பாவுக்கு அனுப்பினான். ஹசெக்குரா மெக்சிக்கோ வழியாக ஸ்பானியாவுக்கும் உரோமாபுரிக்கும் சென்று, மணிலாவிற் சிலகாலம் தங்கி, 1620 இல் நாடு திரும்பினார். அவர் கொணர்ந்த பொருள்களுள் இலங்கைப் பிடியமைப்புடைய ஒரு வாளும் இருந்தது. தாத்தே குடும்பத்தார் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். அத்தூதின் பொருள்களை 2001 இல் யப்பான் தேசியச் செல்வமாக அறிவித்தது. அவ்வாளில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. ஆயினும் 1620 க்கு முன்னரே இத்தகைய வாள்கள் செய்யப்பட்டன என்று நாம் துணிந்து கூற முடிகிறது. எதனால்? யார் கொணர்ந்தார், எப்போது கொணர்ந்தார், யாரிடம் இருந்தது என்னும் குறிப்பு அழியாமல் இருந்ததனால். இரும்பு சொல்லாததை ஏடு சொல்லிற்று.

ஏடு சொன்னதனால் ஒரு வாள் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்த கதையும் உண்டு. அது அண்மையில் நிகழ்ந்தது.

கண்டியில் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் ஆண்ட காலம். நாயக்கர் வழியில் வந்த மன்னன் அவன். 1765 இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் பெரும்படையோடு கண்டிமீது படையெடுத்தார். மன்னன் நகரை விட்டு நீங்கினான். ஒல்லாந்தப் படை அரண்மனையைச் சூறையாடிற்று. ஆனால் நகரில் நிலைத்திருக்க அப்படையால் இயலவில்லை. வான் எக்கும் அவ்வாண்டிலேயே கொழும்பில் இறந்தார். 1766 இல் எழுந்த உடன்படிக்கையால் இலங்கையின் கரையோரம் முழுவதும், நமது கிழக்குக் கரை உட்பட, கம்பெனிக்குரியதென எழுதப்பட்டது. அரண்மனையில் எடுத்த பொருள்களுட் சில கடல்கடந்து ஒல்லாந்து சேர்ந்தன. பின்னர் ஆம்ஸ்டர்டாம் நகரின் தேசிய நூதனசாலையில் அவை வைக்கப்பட்டன. பொன்வேலைப்பாடும் மணிகளும் உடைய ஒரு கஸ்தானே, வெள்ளிக் கஸ்தானே ஒன்று, ஒரு கத்தி, இரண்டு சுவர்த் துப்பாக்கிகள், வெண்கலத்தாலான ஓர் அணிப் பீரங்கி ஆக ஆறு பொருள்கள். அத்துப்பாக்கிகளைச் சிங்கள மக்கள் ‘மஹ துவக்கு’ என்பர். நாம் வழங்கும் துவக்கு என்னும் சொல்லே அதிலும் நிற்பதைக் கவனியுங்கள்.

நெடுங்காலம் அவை அங்கே இருந்தன. அவை மெய்யான கண்டிப் பொருள்களா என்பது ஒரு கேள்வி. பீரங்கியிலே சிங்கள எழுத்து உண்டு. லெவ்கே திசாவை என்னும் பிரதானி 1745-46 அளவில் அதனை அன்றைய கண்டி மன்னனுக்குக் காணிக்கையாக்கியதை அது காட்டுகிறது. ஆனால் விடைகாண வேண்டிய கேள்வி வேறு. அவை பரிசாகச் சென்றனவா, விலைக்குச் சென்றனவா, கொள்ளையாகச் சென்றனவா? இக்கேள்விக்கு அலகும் பொன்னும் விடையளிக்க மாட்டா. 2019 இல் தொடங்கிய ஆய்வுத்திட்டம் ஒன்றில் ஒல்லாந்த அறிஞரும் இலங்கை அறிஞரும் சேர்ந்து, வேலைப்பாட்டையும் எழுத்தையும் பழைய பதிவேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கினர். அப்பொருள்கள் 1765 இற் கண்டியிற் கொள்ளையிடப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தனர். 2023 யூலை மாதத்தில் ஒல்லாந்த அரசு இந்தோனேசியாவுக்கும் இலங்கைக்குமாக 478 பொருள்களைத் திருப்பியளிக்கத் தீர்மானித்தது. அவற்றுள் ஆறு நம்முடையவை. 2023 ஓகத்து 28 ஆம் நாள் கொழும்பில் உடன்படிக்கை கைச்சாத்தாகியது. அவ்வாண்டு டிசெம்பரில் அவை கொழும்பு நூதனசாலையை அடைந்தன.

கண்டி அரசரின் சிம்மாசனமும் முடியும் 1934 இற் பிரித்தானியரால் திருப்பித் தரப்பட்டன. அவற்றை வைத்திருந்தவர் மனமுவந்து அளித்தனர் என்று அன்று பேசப்பட்டது. 2023 இல் நிகழ்ந்தது சற்று வேறு. ஆராய்ந்து, சான்று காட்டி, இது கொள்ளை என்று கொண்டவரே ஏற்றுக்கொண்டு திருப்பியளித்தனர். ஈகைக்கும் நீதிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அந்த நீதியைப் பெற்றுத் தந்தது படையன்று, பணமன்று. அழியாமல் இருந்த எழுத்தும், அழிக்கப்படாமல் இருந்த ஏடுகளுமேயாகும்.

இனி நமது வீட்டுத் திண்ணைக்கு வருவோம். கிழக்கிலங்கையில் எத்தனையோ பழைய பொருள்கள் போரிலும் இடப்பெயர்விலும் சிதறின. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை எஞ்சியவற்றுட் பலவற்றைக் கொண்டு சென்றது. ஆயினும் இன்னும் உண்டு. போடியார் வீட்டுப் பெட்டகத்தில் உண்டு; அம்மன் கோயிலின் உள்வீட்டில், சடங்குநாளில் மட்டும் வெளிவரும் வாளும் பிரம்பும் சிலம்புமாக உண்டு. பழம்பொருள் வாங்குவோர் ஊர் ஊராய் வருகின்றனர். அவர் கொடுக்கும் பணம் ஒரு வாரச் செலவுக்குக் காணும். பொருள் போனபின் அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது அவருக்குத் தேவையற்றது; ஆகவே அச்செய்தி அன்றே இறக்கிறது. வாள் பிழைக்கலாம், வரலாறு பிழைப்பதில்லை.

உங்கள் வீட்டிலே பழைய வாளோ கத்தியோ செப்புப் பட்டயமோ ஏட்டுச்சுவடியோ இருக்குமானால், உங்களை நான் வேண்டுவன மிகச் சில. முதலாவது, அதனைத் துலக்காதீர்கள். சாணை வேண்டா, புளியும் செங்கற்பொடியும் வேண்டா. ஈரமில்லாத இடத்தில், சுத்தமான பருத்தித் துணியிற் சுற்றி வையுங்கள். இரண்டாவது, அதிலே எழுத்தோ இலச்சினையோ தெரிந்தால், தெரிந்தவாறே ஒரு தாளில் வரைந்து கொள்ளுங்கள், புகைப்படமும் எடுங்கள். மூன்றாவது, அதைப்பற்றி வீட்டு முதியோர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி, தேதியிட்டு, அப்பொருளோடு வையுங்கள். மெய்யா பொய்யா என்று நீங்கள் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. பின்வருவோர் தீர்ப்பளிப்பதற்கு வேண்டிய சாட்சியை அழியாமல் வைத்தாற் போதும். நான்காவது, பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வதற்கு அரசின் அனுமதி வேண்டும் என்பதை மறவாதீர்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் 1988 ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டமும் இதனை விதிக்கின்றன.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். கண்காட்சி நடத்துங்கள்; ஆனால் பொருளை அழகாக்க முயலாதீர்கள். துருப்பிடித்த வாளைத் துருவோடு வைத்து, அருகிலே ஒரு தாளில் அதன் கதையை மாணவனைக்கொண்டு எழுதுவியுங்கள். மின்னும் வாளைப் பார்த்துப் பிள்ளைகள் வியப்பர். துருவைப் பார்த்து வினாவுவர். கல்விக்கு வேண்டியது வினாவேயன்றோ?

நான் சாணை பிடிப்பித்த அந்த வாள் இன்று இல்லை. அப்பெரியவரின் வீடு கடற்கரையோரத்தில் இருந்தது. ஆழிப்பேரலை வந்த காலையில் வீட்டோடு வாளும் போயிற்று. பெரியவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார். வாள் போனதற்கு நான் பொறுப்பல்லன். கடலை யார் தடுக்கவல்லார்? ஆனால் அவ்வெழுத்து இருந்த நாளில் ஒரு தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் உரைத்து எடுத்திருந்தேனாயின், அந்தத் தாள் இன்று என்னிடம் இருந்திருக்கும். அது ஒல்லாந்தர் எழுத்தா அன்றா என்று ஓர் அறிஞரிடம் காட்டியிருப்பேன். அந்த மாணவன் இன்று பிள்ளைகளுக்குத் தந்தை. தன் முன்னோரின் பெயரை ஏதோவோர் ஆண்டோடு சேர்த்து அவர்களுக்குச் சொல்லியிருப்பான். ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதுமாயிருந்தன. அவை இரண்டும் என் மேசையின்மேலேயே இருந்தன.

தேற்றாங்கொட்டை நீரைத் தெளிவிக்கும் என்று தொடங்கினேன். குடத்தில் நீர் இருந்தால்தான் தெளிவிக்கலாம். ஊற்றிவிட்டபின் கொட்டையால் ஆவது ஒன்றுமில்லை. உங்கள் வீட்டுக் குடத்தை ஊற்றிவிடாதீர்கள்.